பிராகிலிருந்து தம்பிக்கு

பிராக்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவுக்குக் கேட்ட தைலம் பார்சலில் வருகிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்களின் தொழுகைக்கூடத்தைப் பார்க்க வரும் யூதக் குழு, எந்த வேலையும் செய்யாத அவர்களுடைய வார ஓய்வுநாளான ஷபாத்துக்கு நம் ஹோம்ஸ்டேயில் தங்கப்போவதாக எழுதியிருந்தாய். இங்கே ஓட்டல்களில் அதற்கு என்னென்ன செய்கிறார்கள் என்று எழுதுகிறேன், உனக்கு ஆவதை எடுத்துக்கொள்.

ஷபாத் வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு நட்சத்திரம் தெரிந்தபின் முடியும். ஏறக்குறைய 25 மணி நேரம். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். கொச்சியில் வருஷம் முழுக்க ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் சூரியன் விழும், உனக்குக் கவலையில்லை. இங்கே ஜூனில் இரவு 9 மணி ஆகும், டிசம்பரிலோ பிற்பகல் 3.40-க்கே ஏற்றவேண்டும். டிசம்பர் குழுவை வெள்ளியன்று தெரெசினுக்கு அனுப்பினால் வினைதான். 60 கிலோமீட்டர் தூரம், வழியில் நெரிசலில் மாட்டினால் பஸ்ஸிலேயே ஷபாத் பிறந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த அந்த ஊரைப் பார்த்த கையோடு யாருக்கும் பாட்டும் விருந்தும் இறங்காது. ஷபாத்தில் வெளிப்படையாகத் துக்கம் காக்கக் கூடாது என்பது அவர்கள் முறை. விவரம் தெரிந்தவர்கள் தெரெசினை வியாழனிலேயே முடித்து, வெள்ளிக் காலையைக் காலியாக விடுவார்கள்.

மின்சாரம்தான் ஓட்டல்காரனுக்குத் தலைவலி. ஸ்விட்சைப் போடவும் மாட்டார்கள், அணைக்கவும் மாட்டார்கள். கார்டு பூட்டு, தானே திறக்கும் கதவு, ஆள் வந்தால் எரியும் விளக்கு, லிஃப்ட் எதுவும் ஆகாது. அதனால் கீழ்த்தள அறைகளும் இரும்புச் சாவியும் கொடு. குளியலறை விளக்கை எரியவிட்டு ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டு. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் பல்பைக் கழற்று. காகிதம் கிழிப்பதும் வேலைதான், கழிவறையில் பெட்டி டிஷ்யூ வை. இவ்வளவும் செய்தபிறகு காரியத்தைக் கெடுப்பது அறை துடைக்க வரும் பெண்தான். பாவம், நல்லெண்ணத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போவாள். “திரும்பப் போடு” என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, யூதரல்லாதவரிடம் சொல்லிச் செய்விப்பதற்கும் தடை உண்டு. சனிக்கிழமை அறைப்பக்கம் யாரும் போகவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவை.

தெருவில் எதையும் தூக்கிப்போகக் கூடாது. ஊரைச் சுற்றி ‘எருவ்’ என்ற எல்லைக்கம்பி கட்டியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. இல்லாத ஊரில் கைக்குட்டை, சாவிகூட ஆகாது. நீயே சாவியை வைத்துக்கொண்டு வாசலில் இரு.

மெழுகுவர்த்தியை அறைகளில் ஏற்றவிடாதே. சாப்பாட்டுக் கூடத்தில் மணல் பரப்பிய தகரத் தட்டில் எல்லோருக்கும் ஒரே இடம் கொடு. எரிந்து முடியும்வரை ஊதி அணைக்கக் கூடாது. மேலே புகை அலாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

சாப்பாடு, யூத உணவு விதிப்படி சமைக்கும் கோஷர் சமையலறையிலிருந்து முத்திரையோடு வரும். நம் அடுப்பில் வைப்பதானால் இரட்டை அலுமினியத் தாளோடு அப்படியே வை, ‘வெந்திருக்கிறதா’ என்று பிரித்துப் பார்த்தால் போச்சு. சூட்டுத்தகட்டை வெள்ளியன்றே போட்டு, இராத்திரி கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரும் பிடுங்காமல் பார். தேநீருக்கு ஒரு பெரிய பாய்லர் நிறைய முன்பே கொதிக்கவேண்டும். குறைகிறதே என்று நடுவில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே. சனி மதியத்துக்குச் சோலென்ட் என்று ஒன்று வரும். அவரை, பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் சேர்ந்து இரவு முழுக்கச் சிறு சூட்டில் கிடந்த குழம்பு அது. கனமான சாப்பாடு, அப்புறம் தூங்குவார்கள், தூங்கவிடு.

மேஜைக்கு இரண்டு முழு ரொட்டி, மேலே துணி. கோப்பையில் குறைந்தது 86 மில்லி மது பிடிக்கவேண்டும். மதுவை நீ ஊற்றாதே. காய்ச்சாத வகையாக இருந்து யூதரல்லாதவர் கை பட்டால் குடிக்கமாட்டார்கள், அவர்களே ஊற்றிக்கொள்ளட்டும். கை கழுவியதிலிருந்து ரொட்டி வாயில் போகும்வரை பேச்சே கிடையாது. அந்த நேரத்தில் போய் “வேற என்ன வேணும் சார்?” என்று நிற்காதே.

தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். வைதீகக் குழுவானால் வயதுவந்த ஆண்கள் மட்டும்தான் கணக்கு. இங்கே 1270 வாக்கில் கட்டிய, ‘பழைய-புதிய தொழுகைக்கூடம்’ என்றே பெயர்கொண்ட ஒன்று இருக்கிறது, ஓட்டலை நடக்கும் தூரத்தில் பிடித்தால் கணக்கு தானே தேறும். வெள்ளி இரவு வேதத்திலுள்ள 92-ஆம் சங்கீதத்தை அங்கே இரண்டு தரம் பாடுவது அந்த இடத்து வழக்கம். மட்டாஞ்சேரியில் உள்ளூர் யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சம். எண்ணிக்கை குழுவிலேயே இருக்கிறதா என்று தலைவரிடம் இப்போதே கேள்.

சனிக்கு அவர் மூன்று நடை, இரண்டு சொற்பொழிவு என்று போட்டிருந்தால், நயமாகக் குறைக்கச் சொல். மைக் கிடையாது, கேமரா கிடையாது, பேனாகூட எடுக்கமாட்டார்கள். வாரம் முழுக்கப் பஸ்ஸில் முதுகு முதுகாகப் பார்த்தவர்கள் முகம் பார்த்து உட்காருவது அன்றைக்குத்தான். மூன்றாம் வேளைச் சாப்பாடு இருட்டும்போது முடியும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நீ விலகிவிடு. வெளிச்சம் குறைகிறதே என்று விளக்கைப் போடப் போகாதே.

முடிவில், ஷபாத்தை வழியனுப்பும் ஹவ்தலா சடங்கு. மதுவும் பல திரிகளைப் பின்னிய மெழுகுவர்த்தியும் அவர்கள் கொண்டுவருவார்கள். வாசனைக்குக் கிராம்பு தேவைப்படும், அது நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. தட்டில் சிந்திய மதுவில் சுடரை அணைப்பார்கள். பில்லை அதற்கப்புறம் நீட்டு.

அன்புடன்,
அண்ணன்