‘ரெண்டாம் நாள் வாங்க’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

“பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள் வாங்க” என்று ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) மையங்களில், ஊசி தொடங்குவதற்காகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஆறு மாதமாக விலக்கே வராத பெண் என்ன செய்வார்? ஒன்று, வீட்டில் காத்திருப்பார். இல்லையென்றால் மருந்துக்கடையில் ‘வரவழைக்கும் மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொள்வார். இரண்டுமே வேண்டாத வேலை.

முதலில் கர்ப்பம் இல்லையென்று பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும். விலக்கு தாறுமாறாக வருகிறவர்களுக்கும் சத்தமில்லாமல் கரு நிற்பதுண்டு. அடுத்து ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகள்: டி.எஸ்.எச். (தைராய்டு), புரோலாக்டின் (பால் சுரக்கவைப்பது), எஃப்.எஸ்.எச். (முட்டைப்பையை வளர்ப்பது), எல்.எச். (முட்டையை வெடிக்கவைப்பது), எஸ்ட்ராடயால் (ஈஸ்ட்ரோஜன்), ஏ.எம்.எச். (முட்டை இருப்பைக் காட்டுவது), கூடவே உள்வழி ஸ்கேன். தைராய்டோ புரோலாக்டினோதான் கோளாறு என்றால், அதைச் சரிசெய்தாலே விலக்கு திரும்பக்கூடும். பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிகள்) என்றால் நேரே ஐ.வி.எஃப். என்பதும் இல்லை; லெட்ரோசோல் மாத்திரையிலேயே முட்டை வெடித்துக் கருத்தரிப்பவர்கள் ஏராளம்.

இவற்றுக்குப் பிறகுதான் விலக்கை வரவழைக்கும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன் மாத்திரை 10 மி.கி., தினம் ஒன்றாக 5 முதல் 10 நாள். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் பொதுவாக உதிரம் வரும். வராவிட்டால் அதுவே ஒரு தகவல்: உடலில் ஈஸ்ட்ரோஜன் போதவில்லை, அல்லது கர்ப்பப்பையின் உட்சுவர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் சேர்த்துக் கொடுத்தும் வரவில்லையென்றால் கர்ப்பப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும். முன்பு கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்த டி அண்ட் சி-யும், நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோயும் இப்படி ஒட்டவைக்கும்.

முட்டைகளை வளர்க்கப் போடும் ஐ.வி.எஃப். ஊசி, காரணத்தைப் பொறுத்தே மாறும். பி.சி.ஓ.டி. உள்ளவருக்கு முட்டைப்பைகள் கூட்டமாக வளரும், ஆகவே 112.5 அல்லது 150 யூனிட் என்று குறைவாகத்தான் தொடங்குவார்கள். முட்டைகளை முதிரவைக்கும் கடைசி டிரிகர் ஊசியை எச்.சி.ஜி.யாகப் போட்டால் வயிறு வீங்கி நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். அதனால் லூப்ரோலைடு, டிரிப்டோரெலின் வகையைப் போட்டு, கருக்கள் அனைத்தையும் உறையவைப்பதே பாதுகாப்பு.

எடை மிகக் குறைந்தோ கடும் உடற்பயிற்சியாலோ விலக்கு நின்றவர் கதை வேறு. அவருக்கு எல்.எச். சேர்ந்த எச்.எம்.ஜி. ஊசி வேண்டும். லூப்ரோலைடு டிரிகர் அவருக்கு வேலை செய்யாது. அது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சேமிப்பில் உள்ள எல்.எச்.சை வெளியேற்றுகிற மருந்து, அவரிடம் அந்தச் சேமிப்பே இருக்காது. முட்டை எடுக்கப் போனால் ஏமாற்றம்தான். ஆகவே விலக்கு நின்ற காரணத்தை ஒவ்வொருவர் ஃபைலிலும் முதல் பக்கத்திலேயே எழுதித்தர மையங்கள் முன்வர வேண்டும்.

40 வயதுக்குள் எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் ஏறி, ஏ.எம்.எச். அடிமட்டத்தில் இருந்தால் ஊசியின் அளவைக் கூட்டிப் பயனில்லை. தானமுட்டை பற்றிப் பில் போடும் முன்பே பேசுவதுதான் நேர்மை.

கருவை உறையவைக்கத்தான் போகிறோம் என்றால் விலக்குக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கர்ப்பம் இல்லை என்று தெரிந்தால் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம். கீமோவுக்கு முன் முட்டை சேமிக்கும் புற்றுநோயாளிகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். பின்னர் எஸ்ட்ராடயால் மாத்திரையால் உட்சுவரை 7 மி.மீ.க்கு மேல் வளர்த்து, புரோஜெஸ்ட்ரோன் தொடங்கி ஐந்து நாள் முடிந்ததும் ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்ந்த கருவை வைப்பார்கள். ‘பாசிட்டிவ்’ வந்ததும் சிலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். முட்டை வெடிக்காத இந்தச் சுழற்சியில் சினைப்பை தானாகப் புரோஜெஸ்ட்ரோன் சுரக்காது. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் 10, 12 வாரம் வரை, மருத்துவர் சொல்லாமல் ஒருவேளை கூட விடக்கூடாது.

- கருத்தரிப்புச் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள், மதுரை