படகுக்கு ஒரு பந்தல்

பிரிஸ்பேன்,
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

பொங்கலன்று வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னடி முகம் இப்படிக் கறுத்துப்போச்சு" என்று கேட்டாய். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பதில் சொல்லவே முடியவில்லை. அதுதான் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாம் அந்தப் படகால் வந்தது. போன ஆகஸ்டில் அவர் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கினாரே, அதுதான். 22 அடி நீளம். முன்பாதியில் குனிந்து நுழைகிற மாதிரி சின்ன அறை. பின்பாதி திறந்த தொட்டி. இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் சுக்கானைத் திருப்பும் கட்டை. நாங்கள் நாலு பேரும் உட்காருவது அந்தத் தொட்டியில்தான். தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. காலையில் மேன்லி துறையிலிருந்து கிளம்பி, மோர்ட்டன் விரிகுடாவில் பீல் தீவு வரை போய்த் திரும்பினால் சாயங்காலம் ஆகிவிடும்.

"நாம பார்க்காத வெயிலா" என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாரம்மா, நம் ஊரில் உச்சி வேளையில் யார் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்? திண்ணை இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, கடை வாசலில் கீற்றுக்கொட்டகை இருக்கிறது. கால் தானாக நிழல் பக்கம் போய்விடும். படகில் எங்கே போவது? பாயின் நிழல் கொஞ்சம் விழும். படகு திரும்பினால் அதுவும் அந்தப் பக்கம் போய்விடும். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் வேறு கீழேயிருந்து முகத்தில் அடிக்கும்.

படகை விற்ற பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். மூக்கில் புற்று வந்து ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, வேறு இடத்துத் தோலை வைத்துத் தைத்திருந்தார்கள். சாவியைக் கொடுக்கும்போது, "வேறெதையும் செய்வதற்கு முன்னால் இதற்கு ஒரு கூரை போடுங்கள்" என்றார். இங்கே ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வருகிறதாம். நம் நிறத்துக்கு அந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. வெயில் கண்ணைக் கெடுப்பதில் நிற வித்தியாசமெல்லாம் கிடையாது. வானிலைச் செய்தியில் மழையைச் சொல்வது போலப் புற ஊதாக் கதிருக்கும் ஒரு எண் சொல்கிறார்கள். 3 வந்தாலே உடம்பை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்த ஊர்க் கோடையில் அது 11ஐத் தாண்டிவிடும். சின்னவன் பள்ளிக்கூடத்தில் தொப்பி கொண்டுவராவிட்டால் வெளியே விளையாட விடமாட்டார்கள். சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று 1981இலேயே இங்கே பிரசாரம் தொடங்கிவிட்டது. 2007இல் அதோடு நிழல் தேடு, கறுப்புக் கண்ணாடி போடு என்று இரண்டைச் சேர்த்தார்கள். அந்த "நிழல் தேடு"தான் எங்கள் படகில் இல்லை.

நிழலுக்காகப் படகின் மேல் போடும் பந்தலுக்கு இங்கே பிமினி என்று பெயர். செய்து தருகிறவர்கள் சொன்ன விலை எங்கள் மூன்று மாத மளிகைக்குச் சமம். சரி, துணியை நானே தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ உஷா மிஷினில் யூனிஃபார்ம் தைத்துத்தானே எங்களைப் படிக்க வைத்தாய். எனக்கு என்ன பயம்?

சட்டத்துக்கு 22 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாயை வில்லாக வளைத்து மூன்று வாங்கினோம். மூன்றும் இரண்டு பக்கமும் கீலில் சேரும். வேண்டாதபோது பின்பக்கமாக மடக்கிவிடலாம். துணி சன்பிரெல்லா என்ற பெயரில் விற்கும் அக்ரிலிக் செயற்கைத் துணி. இழையாக இழுக்கும்போதே சாயத்தை உள்ளே கலந்துவிடுவதால் சீக்கிரம் வெளுக்காது. நூலில்தான் ஏமாந்துவிடுவோம். பருத்தி நூல் இற்றுப்போகும், சாதாரண பாலியெஸ்டர் நூலையும் வெயில் தின்றுவிடும். துணி நன்றாக இருக்கும்போதே தையல் விட்டுவிடும். வெயில் தாங்குகிற படகு நூல் தனியாக வாங்கி, 18ஆம் நம்பர் ஊசி போட்டேன்.

முதலில் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, குழாய் போகும் வழியெல்லாம் கோடு போட்டு, அதை வைத்துத்தான் வெட்டினேன். துணி 60 அங்குல அகலம்தான் என்பதால் நடுவில் ஒரு ஒட்டு வந்தது. ஜீன்ஸ் காலில் வருமே, ஓரத்தை ஓரத்துக்குள் மடித்து இரண்டு வரி தைப்பது, அதையே போட்டேன். நாலு மடிப்பு சேரும் இடத்தில் மிஷின் முக்கியது. அங்கே மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் உருட்டி, ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்கினேன். நீ பள்ளிக்கூடப் பைக்கு வார் வைக்கும்போது அப்படித்தானே செய்வாய். குழாய் போகும் உறைகளுக்கு ஜிப் வைத்தேன், துணியைக் கழற்றித் துவைக்க வசதியாக. கூரையில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஜன்னலும் உண்டு. சுக்கான் பிடிப்பவர் பாயைப் பார்க்க வேண்டுமே! அதை மூட ஒரு மடிப்புத் துணி.

ஒரு தப்பு செய்துவிட்டோம். பாயின் அடியில் படுக்கைவாட்டில் பூம் என்று ஒரு கழி இருக்கும். பாய் ஏறியிருந்தபோது அதன் உயரத்தை அளந்து, கைப்பிடி அளவு கீழே பந்தல் வருகிற மாதிரி வைத்தோம். முதல் நாள் பாயை இறக்கியதும் அந்தக் கழி சரிந்து குழாயின் மேல் உட்கார்ந்துவிட்டது. பாய்தான் இத்தனை நேரம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது! நல்லவேளை, குழாயில் கீறலோடு போயிற்று. இப்போது பாய்மரத்தின் உச்சியிலிருந்து கழியின் நுனிக்கு ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். அதை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் பாயை இறக்குவோம்.

பந்தலுக்குக் கீழே நிற்க முடியாது, உட்காரத்தான் முடியும். பலத்த காற்றடித்தால் உடனே மடக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வேண்டாத பாயாகிவிடும். கோடையில் மத்தியானத்துக்கு மேல் திடீரென்று இடி மழையோடு புயற்காற்று வரும் ஊர் இது. அதனால் மேற்கே கறுத்தாலே அவரை மடக்கச் சொல்லிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பீல் தீவின் தெற்குப் பக்கம், குதிரை லாடம் மாதிரி வளைந்த கரையோரம் நங்கூரம் போட்டோம். பன்னிரண்டு மணி. பெஞ்சில் கையை வைத்தேன், சுடவில்லை. புளிசாதமும் வறுத்த அப்பளமும் சாப்பிட்டுவிட்டு பெரியவள் என் மடியில் தூங்கிப்போனாள். அவள் கன்னத்தில் உன் மடிப்புத் தையலின் நிழல் ஒரு கோடாக விழுந்திருந்தது. அவரைப் படம் எடுக்கச் சொன்னேன், தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன், வாங்கிப் பார்.

தொப்பியும் கிரீமும் இன்னும் விடவில்லை, கவலைப்படாதே. நீ பார்த்த கறுப்பு பந்தல் போடுவதற்கு முன்னால் வந்தது.

அப்புறம், மச்சு அலமாரியில் இருக்கிற உன் பெரிய கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைக்கிறாயா? இங்கே வாங்கியது இந்தத் துணியை மெல்லுகிறது. மே மாதம் வரும்போது எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துப் படகுக்காரர் தனக்கும் ஒன்று தைத்துத் தருவாயா என்று கேட்டிருக்கிறார்.

அப்பாவை மாத்திரை மறக்காமல் போடச் சொல்.

உன் அன்பு மகள்