வெறுங்கூடையோடு திரும்பிய நாளையும் எழுதிவைத்தவர்களுக்கு

ஏரியில் வலை வீசும் அண்ணன்மார்களுக்கும், தூண்டில் போடும் தம்பிகளுக்கும், கரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுக்கும் அக்காமார்களுக்கும், நீர்மட்டம் பார்த்துச் சொன்ன பெரியவருக்கும், செதிலைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கும், இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடிவந்த எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஏரியின் மீன் கணக்கெடுப்பில் முதல் கட்டம் முடிந்திருக்கிறது. என்ன தெரிந்தது, என்ன செய்யப் போகிறோம் என்பதையெல்லாம் கரையில் கூடிப் பேசியாயிற்று. அன்று பேச்சு முழுக்க மீனைப் பற்றியே போய்விட்டது. அந்தக் கணக்கை உண்டாக்கிய மனிதர்களைப் பற்றிச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் இந்த மடல். யார் பெயரையும் இதில் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, வெறுங்கூடையோடு கரையேறிய நாளையும் மறைக்காமல் எழுதிவைத்தவர்களுக்கு. நிறைய மீன் பட்ட நாளைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது. நெடுநேரம் தண்ணீரில் நின்று, ஒரு பொடி மீன்கூட இல்லாமல் வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் குறிப்பேட்டை நீட்டி, "எழுதிட்டுப் போங்க அண்ணே" என்று கேட்பது எவ்வளவு சங்கடமான காரியம்! ஆனாலும் எழுதினீர்கள். எத்தனை பேர் போனோம், என்ன வலை, எவ்வளவு நேரம், மீன் எதுவும் படவில்லை. அந்த வரிகள் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே இல்லை. ஏரியில் மீன் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பிடிபட்ட மொத்த எடையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மீன் குறையக் குறைய ஆட்கள் கூடுதல் நேரம் உழைப்பார்கள். முன்பு ஒரு மணி நேரத்தில் கிடைத்ததைப் பிடிக்க இப்போது மூன்று மணி நேரம் ஆகும். கூடையின் எடை மட்டும் மாறாது. ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும்போதுதான் சரிவு கண்ணில் படும். அங்கேயும் நல்ல நாட்களை மட்டும் எழுதினால் சராசரி பொய் சொல்லும்.

இதோடு சேர்த்துத்தான் நீர்மட்டம் பார்த்த பெரியவரை நினைக்கிறேன். கோடையில் தண்ணீர் வற்றி ஏரி சுருங்கும்போது இருக்கிற மீனெல்லாம் நடுப்பள்ளத்தில் வந்து ஒடுங்கும். அப்போது வலை போட்டால் அள்ள அள்ள வரும். மீன் பெருகிவிட்டது என்று தோன்றும். பெருகியது எதுவும் கிடையாது, இடம்தான் குறுகியது. அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நாள் தவறாமல் குறித்துக் கொடுத்தீர்கள் ஐயா. அதனால்தான் கோடைக் கணக்கையும் மழைக்காலக் கணக்கையும் ஒன்றோடொன்று குழப்பாமல் பார்க்க முடிந்தது.

அடுத்து, துடுப்பு நறுக்கிய மீன்களைப் பற்றிச் சொன்னவர்கள். ஏரியில் எத்தனை மீன் என்று கணிக்க, சில மீன்களின் துடுப்பு நுனியை அடையாளமாக நறுக்கித் திரும்ப விட்டிருந்தோம். இந்த வழி புதியதல்ல. டென்மார்க்கின் பீட்டர்சன் என்ற உயிரியலாளர் 1890-களில் கடல் மீன்களுக்கு அடையாளமிட்டுத் திரும்பப் பிடித்துப் பார்த்தார். இன்றும் அவர் பெயரால்தான் இந்தக் கணக்கு வழங்குகிறது. எளிய கணக்குத்தான். நூறு மீனுக்கு அடையாளமிட்டு விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை மற்ற மீன்களோடு நன்றாகக் கலந்தபின் ஐம்பது மீன் பிடிக்கிறோம். அதில் ஐந்துக்கு அடையாளம் இருந்தால், பத்தில் ஒன்று நம் மீன். ஆகவே ஏரியில் சுமார் ஆயிரம் மீன். இப்போது அந்த ஐந்தில் ஒன்றைப் பிடித்தவர் அடையாளத்தைச் சொல்லாமல் விட்டார் என்றால் கணக்கு 1250-க்குத் தாவிவிடும். ஒருவர் வாய் திறக்காததால் இல்லாத 250 மீன்கள் ஏரியில் பிறந்துவிடுகின்றன! அதை நம்பி அதிகம் பிடித்தால், பிடித்தது அத்தனையும் ஏரியின் கைமுதலில் இருந்தே போகும். அடையாளம் உள்ள மீனைக் காட்டினால் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம் ஆரம்பத்தில் சிலருக்கு இருந்தது. அந்தப் பயத்தைத் தாண்டி, மீனைக் கையில் ஏந்தி வந்து காட்டினீர்கள். ஏரியின் மீன்தொகை பற்றி நாம் இன்று எதைச் சொன்னாலும் அது உங்கள் நேர்மையின்மேல்தான் நிற்கிறது. இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை.

மீன் ஆயும் அக்காமார்கள் எடுத்துவைத்துத் தந்த செதில்களும் குடல்களும் எங்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம். செதிலில் மரத்தின் வளையம்போல வளர்ச்சிக் கோடுகள் இருக்கும். கெண்டை மீனின் வயதை அதைக்கொண்டு சொல்லலாம் என்பது 1898-இலேயே எழுதப்பட்ட செய்தி. கடுங்குளிர் இல்லாத நீர்நிலைகளில் அந்தக் கோடு ஆண்டுக்கொன்றுதான் விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வறட்சியாலும் விழும், முட்டையிட்ட களைப்பாலும் விழும். அதனால் வயதை மட்டும் நம்பாமல் நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். குடலைப் பிரித்துப் பார்த்ததில்தான் எந்த மீன் எதைத் தின்கிறது என்பது தெரிந்தது. கத்தியை வைத்துவிட்டு, "இது வயித்துல பாரு, முழுக்க ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு" என்று ஓர் அக்கா விராலைக் காட்டிச் சொன்னது எத்தனையோ பக்கங்கள் படித்ததற்குச் சமம்.

மீன் திணறிய அந்த விடியற்காலையில் ஓடிவந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தொடர்ந்து மேகமூட்டமாக இருந்து, இரவில் மழையும் கொட்டிய மறுநாள் அது. தண்ணீரின் மேல்மட்டத்தில் கெண்டைகள் வாயைப் பிளந்து திணறுவதை முதலில் பார்த்தவர் தூண்டில் போட வந்த ஒரு தம்பி. அவன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினான். பாசியும் நீர்ச்செடியும் பகலில் ஆக்சிஜனைத் தரும். இரவில் அவையே அதை மூச்சாக இழுத்துக்கொள்ளும். அதனால் நாளின் மிக மோசமான நேரம் விடியலுக்குச் சற்று முன்புதான். வெயில் இல்லாத நாட்களில் பகலில் சேரும் இருப்பும் குறைவு. மழையும் காற்றும் அடியில் கிடக்கும் ஆக்சிஜனற்ற தண்ணீரை மேலே கலக்கிவிட்டால் இருப்பது இன்னும் குறையும். தண்ணீர் சூடாக இருக்கும்போது அது பிடித்துவைக்கும் அளவே கம்மி. 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். ஐந்துக்குக் கீழே போனாலே பல மீன்களுக்குச் சிரமம், இரண்டுக்குக் கீழே கெண்டை வகைகள் தாங்காது. தோட்டத்து இன்ஜினைக் கழற்றிக் கொண்டுவந்து, ஏரித் தண்ணீரையே இறைத்து மேலே சிதறடித்து மறுபடி ஏரியில் விழவைத்தீர்கள். ஏரி முழுவதையும் அப்படிக் காப்பாற்ற முடியாது. ஆனால் கரையோரம் மூச்சுவிட ஓர் இடம் கிடைத்தது, வெயில் ஏறும்வரை மீன்கள் அங்கே வந்து ஒதுங்கின.

அன்றைக்கே இன்னொரு உதவியும் நடந்தது. ஏரியில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியபோது, செத்து மிதந்தவற்றை அனுபவமுள்ள ஓர் அண்ணன் உற்றுப் பார்த்தார். பெரிய கெண்டைகள் முதலில் போயிருந்தன. விராலும் கெளுத்தியும் பனையேறியும் உயிரோடு திரிந்தன. நத்தைக்கும் நீர்ப்பூச்சிக்கும் ஒன்றும் ஆகவில்லை. விராலுக்கும் பனையேறிக்கும் காற்றையே நேராகக் குடிக்கத் தெரியும். தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் அவை பிழைத்துக்கொள்ளும். விஷமாக இருந்தால் சின்ன உயிர்கள்தான் பெரும்பாலும் முதலில் விழும். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லி ஒரு வீண் சண்டையைத் தவிர்த்தார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இனி, மனம் மாறியவர்களுக்கு. "சின்ன மீனை விட்டுவிடு, பெரியதைப் பிடி" என்றுதான் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். எல்லா மீனுக்கும் அது பொருந்தாது என்று சொன்னபோது நீங்கள் கோபித்துக்கொண்டது நியாயம். ஜிலேபிக் கெண்டையை, அதாவது திலாப்பியாவை, எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்தே காப்பாற்றும். அதனால் பிழைப்பவை ஏராளம். நெரிசலான இடத்தில் விரல் நீளம் இருக்கும்போதே முட்டையிடத் தொடங்கிவிடும். இருக்கிற தீனியை அத்தனை வாயும் பங்குபோட, ஒன்றும் வளராது, ஏரி முழுக்கக் குட்டை மீனாகவே இருக்கும். அங்கே சின்னதைத் திருப்பி விடுவது நெரிசலைத்தான் கூட்டும். ஜிலேபியை எந்த அளவானாலும் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும்.

விரால் விஷயம் நேர் எதிர். புல்லும் செடியும் உள்ள ஓரத்தில் இடம் ஒதுக்கி முட்டையிடும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து நீரைக் கொப்புளிக்கச் செய்யும்போது, அடியில் பெற்றோர் காவல் நிற்கும். அந்தக் கொப்புளிப்பைக் குறிவைத்துத் தூண்டிலை எறிந்தால் தாயோ தகப்பனோ சீறி வந்து கடிக்கும். பிடிப்பதற்கு இதைவிடச் சுலபமான நேரம் கிடையாது. காவல் போனால் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தையே தின்று தீர்த்துவிடும். ஜிலேபிக் குஞ்சைத் தின்று ஏரியைச் சமன் செய்கிற மீனை நாமே இப்படி இழந்துகொண்டிருந்தோம். குஞ்சோடு இருக்கும் விராலைத் தொடுவதில்லை என்று தூண்டில்காரத் தம்பிகள் தாங்களாகவே முடிவெடுத்தீர்கள். பெரிய விரால் மாட்டியும், முள்ளைக் கழற்றி மெதுவாகத் தண்ணீரில் விட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மீனின் மதிப்பு எனக்குத் தெரியும். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மீன்குஞ்சு கொடுத்தவருக்கும் நன்றி. கட்லாவும் ரோகுவும் தேங்கிய தண்ணீரில் தாமாக இனம் பெருக்குவதில்லை. அவற்றுக்கு ஆற்று வெள்ளம் வேண்டும். 1957-இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அவருடைய கூட்டாளிகளும் மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிடச் செய்தபின்தான் குஞ்சு நம்பிக்கையாகக் கிடைக்கத் தொடங்கியது. விராலுக்கு இரையாகாமல் தப்பட்டும் என்று, நுண்குஞ்சாகத் தராமல் விரலளவு வளர்த்துக் கொடுத்தார்.

ஏரிக்கு மேல்புறம் நிலம் வைத்திருப்பவர்கள் ஓடைக் கரையில் உழாமல் ஒரு புல் வரப்பு விட்டிருக்கிறார்கள். வயலிலிருந்து ஓடிவரும் வண்டலும் உரமும் அதில் ஓரளவு தங்கிவிடுகின்றன. உரத்தில் உள்ள பாஸ்பரஸ் என்ன செய்யும் என்பதற்குக் கனடாவில் தெளிவான சான்று உண்டு. அங்கே ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973-இல் குறுக்கே திரை கட்டி இரண்டாக்கினார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள், ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் இட்ட பக்கம் பாசி பூத்துப் பச்சையாகிவிட்டது, மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. விடியலில் மீன் திணறுவதற்கும் இந்தப் பாசிக்கும் உள்ள உறவை மேலே சொல்லிவிட்டேன். நிலத்தில் ஒரு முழம் விடுவதும் விவசாயிக்கு இழப்புத்தான். அதைத் தெரிந்தே விட்டிருக்கிறீர்கள்.

கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்த மாணவர்களுக்கும் நன்றி. 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் காட்டிய வழி இது, இன்றும் இதைவிட மலிவாகத் தண்ணீரின் தெளிவை அளக்க முடியாது. அறுந்து அடியில் கிடந்த நைலான் வலைகளை மூழ்கி எடுத்தவர்களுக்கும் நன்றி. ஆளில்லாமல் அவை மீனைக் கொன்றுகொண்டே இருந்தன. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த சக்கர் மீன் பெரிதாகிவிட்டது, ஏரியில் விடலாமா என்று முதலில் எங்களிடம் வந்து கேட்ட குடும்பத்துக்குச் சிறப்பு நன்றி. கரையைத் துளைத்து முட்டையிடும் அந்த மீன் ஏரிக்குள் புகுந்திருந்தால் அதை யாராலும் திரும்ப எடுத்திருக்க முடியாது.

விரால் முட்டையிடும் ஓரத்தில் வலை போடக் கூடாது என்ற முடிவை எதிர்த்துப் பேசியவர்களையும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன். உங்கள் வழக்கமான இடமே அதுதான். உங்கள் பேச்சால்தான் தடை ஆண்டு முழுவதற்கும் என்றில்லாமல் முட்டைப் பருவத்துக்கு மட்டும் என்று ஆனது. எனக்கு அதுவே சரியான முடிவாகத் தெரிகிறது. பேசி முடித்தபின் சொன்ன சொல்லையும் காப்பாற்றினீர்கள்.

அடுத்த பருவத்துக்கு மீன்களில் இடப்பக்க வயிற்றுத் துடுப்பின் நுனியை நறுக்கப் போகிறோம். சென்ற முறை நறுக்கியது வலப்பக்கம். எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொன்னால் போதும், மீன் உங்களுக்கே. முடிந்தால் மூக்கிலிருந்து வால் கவட்டை வரை ஒரு அளவும் எடுத்துக்கொடுங்கள். பழைய குறிப்பேடு நிறைந்துவிட்டது. புதியது அதே இடத்தில் தொங்குகிறது. "மீன் படவில்லை" என்று எழுத இந்த முறை தனியாகவே ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
மீன் கணக்கெடுப்பில் உங்களோடு இருந்தவன்