கொம்புச்சா குழுவில் மகளிரைச் சேர்ப்பது குறித்து

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது காய்ச்ச முடியாது என்பதால் புளிக்கவைத்த தேநீர்ப் பானமான கொம்புச்சாவோடு நிற்கும் நம் குழுவில், இட்லி மாவின் புளிப்பை மணத்தாலேயே கணித்துவிடும் டெல்டாப் பெண்கள் மிகக் குறைவாக இருப்பது வியப்புக்குரியது. இடைக்கால ஐரோப்பாவில்கூட வீட்டு பீர் பெரும்பாலும் பெண்களின் கைவேலையாகவே இருந்தது. ஆகவே, உங்கள் வீட்டு மகளிரை ஜாடி கழுவ மட்டும் அழைக்காமல் (அதுதான் பல வீடுகளில் நடக்கிறது), அவரவர் கைபேசி எண்ணிலேயே குழுவில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

புதிதாகத் தொடங்குவோர், 70 கிராம் சர்க்கரை கலந்து நன்றாக ஆறவைத்த ஒரு லிட்டர் தேநீரில் தாய்ப்படலத்தையும் (தேநீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிய வழுவழுப்பான படலம்) 100 மில்லி பழைய கொம்புச்சாவையும் சேர்த்து, கண்ணாடி ஜாடியின் வாயைப் பருத்தித் துணியால் கட்டிவைக்கவும். சித்திரை வெயிலில் விரைவாகப் புளிக்கும் என்பதால் ஐந்தாம் நாளிலிருந்தே சுவைத்துப் பார்க்க வேண்டும். கும்பகோணம், மயிலாடுதுறை உறுப்பினர்களிடம் கூடுதல் படலம் இருந்தால் இங்கே தெரிவிக்கவும்.