கசடு மூட்டைகளுக்குச் சேலத்திலேயே ஒரு சேகரிப்பு நிலையம் வேண்டும்

சுற்றுச்சூழல் துறையின் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் சிறு சாயப்பட்டறை நடத்துபவன் எழுதும் மடல் இது. சாயநீரைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் கசடு அபாயகரக் கழிவு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் ஏற்கிறேன். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எங்கள்மேல் ஏற்றுகிறார்கள் என்பதுதான் என் முறையீடு.

சென்ற மாதம் என் பட்டறைக்கு ஆய்வுக்கு வந்த அலுவலர், கசடு மூட்டைகள் விதி அனுமதிக்கும் 90 நாளைத் தாண்டி இருப்பில் கிடப்பதாகக் குறிப்பெழுதினார். அதற்கு விளக்கம் கேட்டு அறிவிப்பும் வந்துவிட்டது. மூட்டைகளை எடுக்க வேண்டிய நிறுவனமோ, லாரி நிறையும் அளவுக்குச் சேர்த்துவிட்டுக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் முழு லாரிக்கான வாடகையைக் கட்டுங்கள் என்கிறது. கசடைப் புதைக்கும் நிலையம் உள்ள கும்மிடிப்பூண்டி இங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல். விருதுநகர் மாவட்டத்தில் உள்ள நிலையமும் பக்கத்தில் இல்லை. ஆய்வகச் சோதனைக்கும், நச்சு கசியாதபடி கசடை நிலைப்படுத்துவதற்கும், நிலத்தில் புதைப்பதற்கும் ஆகும் கட்டணத்தைவிட, பாதி காலியாக ஓடும் லாரிக்கு நாங்கள் கொடுப்பதே அதிகம்.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளைத் தயவுசெய்து ஒரு முறை எங்கள் பக்கமிருந்து படித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 10 டன் வரை கழிவு உண்டாக்கும் சிறியவர்களுக்கு அந்த 90 நாளை 180 நாள் வரை நீட்டிக்க அவை இடமளிக்கின்றன. நீட்டிப்புக் கிடைத்தாலும் எங்களிடம் 5 டன்னுக்கு மேல் சேராது. அப்படியிருக்க 10 டன் லாரி எந்தக் காலத்தில் நிறையும்? விதியைக் காப்பாற்றினால் வாடகை கட்டுப்படியாகாது. வாடகையைக் குறைக்கக் காத்திருந்தால் விதியை மீறியவன் ஆகிறேன். இதற்கிடையில் ஐப்பசி மழையில் உலர்த்தும் படுகை நனைந்துவிட்டால், எடைக்குக் கட்டும் பணத்தில் மழைத் தண்ணீருக்கான கூலியும் சேர்ந்துகொள்கிறது.

எனவே கேட்பது இதுதான்: சேலம் மாவட்டத்துக்குள், கூரையும் கசிவுத் தடுப்புத் தரையும் உள்ள ஒரு சேகரிப்பு நிலையம் வேண்டும். பல பட்டறைகளின் மூட்டைகளை அங்கே எடைபோட்டு வாங்கி ஒரே லாரியில் அனுப்பி, அவரவர் எடைக்கு ஏற்றபடி கட்டணம் பிரிக்கட்டும். ஒரே ஒரு எருமை வைத்திருப்பவரின் பாலைக்கூட ஊர்ச் சங்கத்தில் அளந்து வாங்கிச் சேர்த்தனுப்பத் தெரிந்த மாநிலம் இது.

கழிவோடு போகும் படிவத்துக்கு வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று ஏழு நிறத்தில் ஏழு நகல்கள் வகுத்திருக்கிறீர்கள். சாயத் தொழிலுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு; மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் படிவமே இல்லாமல், ராத்திரி மழையோடு மழையாகக் கசடைத் திருமணிமுத்தாற்றில் கரைத்துவிடுகிறவருக்கு இந்த ஏழில் ஒரு நகலும் தேவைப்படுவதில்லை, லாரி வாடகையும் கிடையாது. சேர்வராயன் மலையில் தெளிவாகப் பிறக்கும் ஆறு நகரைக் கடக்கும்போது நுரையோடு போவதைப் பார்க்க எந்த ஆய்வகமும் வேண்டியதில்லை. மூட்டை கட்டிக் கணக்கு வைப்பவனிடம் அறிவிப்பு வருகிறது. கணக்கே வைக்காதவன் என்னைவிடக் குறைந்த கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிறான். இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சேகரிப்பு நிலையம் அமைய நாளாகும் என்பது புரிகிறது. அதுவரை, சிறு பட்டறைகளுக்கான 180 நாள் நீட்டிப்பைத் தனித்தனி விண்ணப்பம் கேட்டு அலைக்கழிக்காமல் ஒரே ஆணையில் வழங்குமாறும், போக்குவரத்து, சோதனை, புதைப்பு ஆகியவற்றுக்கான கட்டணங்களைத் தனித்தனியாகத் தமிழில் வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நிலையத்துக்கான இடத்தை முடிவு செய்யும் நாளில் பட்டறைக்காரர்களையும் ஆற்றங்கரை விவசாயிகளையும் அழைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
சிறு சாயப்பட்டறை உரிமையாளர் ஒருவர்,
சேலம்.