இரைச்சல் இசை விழாவுக்குப் போகும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொருளோடு ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் பீசோ மைக்கும், ஒலியை மாற்றும் பெடலும் வாங்கிப் போகிறவர்கள் நாய்ஸ் (இரைச்சல் இசை) விழா மேடை ஏறும் முன் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

முதலில் விழாவின் விதிகளைப் படியுங்கள். கட்டுப்பாடே இல்லாதது என்று பெயர் வாங்கிய இந்த இசைக்கும் விதி உண்டு. மயாமியின் லிட்டில் ஹெய்ட்டி பகுதியில், சர்ச்சில்ஸ் பப்பில், இசைக்கலைஞர் ராட் பாஸ்டர்ட் 2004இல் தொடங்கிய ‘இன்டர்நேஷனல் நாய்ஸ் கான்ஃபரன்ஸ்’ விழாவையே பாருங்கள். லேப்டாப் கூடாது, பல ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸர் கூடாது, ஒரே ஒலியை இழுத்துக்கொண்டே இருக்கும் ட்ரோன் கூடாது. ஆளுக்குக் கால் மணி நேரம் போலத்தான். மிக்ஸரின் அவுட்டை அதன் இன்புட்டிலேயே திருப்பிச் செருகி வாசிக்கும் ஜப்பானின் தோஷிமாரு நாகாமுராவின் வழியில் போகிறவருக்கு அங்கே இடமில்லை!

இப்படி ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறும் மேடையில் சவுண்ட் செக்கை எதிர்பார்க்காதீர்கள். மேசையில் எத்தனை பெட்டி இருந்தாலும் சரி, கடைசியில் ஒரே ஒரு ஒயர்தான் வெளியே வரவேண்டும். பெடல்களை ஒரு பலகையில் திருகி, வீட்டிலேயே ஒயர் போட்டு, அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். மேடையில் செருக வேண்டியது பவர் ஒன்று, அவுட் ஒன்று.

அதிகம் வரும் புகார்: “வீட்டில் கனமாகக் கேட்டது, மேடையில் தகரம்போல் கேட்கிறது.” மைக்கில் கோளாறு இல்லை. மைக்கில் உள்ள 27 மி.மீ. பீசோ வில்லை என்பது ஏறக்குறைய 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர் மாதிரி. அதை 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் நேரே செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனமான ஒலியெல்லாம் சரியத் தொடங்கும். மைக் இன்புட்டில் இன்னும் மோசம். அதே வில்லை 1 மெகா ஓம் இன்புட்டில் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். எனவே வில்லைக்கு அடுத்தபடியாக ஒரு பஃபர் (இப்படி அதிக ஓம் இன்புட் உள்ள சிறு சர்க்யூட்) கட்டாயம். பெரும்பாலான கிடார் பெடல்களின் இன்புட்டே இதற்குப் போதும்.

சொந்தமாக வில்லையில் ஒயரைச் சால்டர் செய்கிறவர்கள் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கிறவர்கள்) பித்தளை விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள வெள்ளிப் பூச்சில் இரண்டு வினாடிக்கு மேல் சால்டரிங் அயர்ன் வைக்காதீர்கள். பூச்சு ஈயத்தோடு உரிந்து வந்துவிடும். நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை போர்த்திய ஷீல்டு ஒயர்தான் போட வேண்டும்: நடுக்கம்பி வெள்ளிப் பூச்சுக்கு, வலை பித்தளைக்கு. சால்டர் விட்டுப்போவது இழுபடும் இடத்தில்தான். ஆகவே ஒயரை ஒரு சென்டிமீட்டர் தள்ளி எபாக்ஸி பசை வைத்து வில்லையோடு பிணைத்துவிடுங்கள். தகரத்தையும் ஸ்பிரிங்கையும் அடிக்கிறவர்களுக்கு இதைத் தவிர்க்க வழியில்லை.

அடுத்தது பவர். ஒரே அடாப்டரில் டிஜிட்டல் டிலேயையும் (ஒலியைத் தாமதித்துத் திரும்பத் தரும் பெடல்) டிஸ்டார்ஷனையும் (ஒலியைக் கரகரக்க வைக்கும் பெடல்) சேர்த்துக் கோத்தால் டிலேயின் கிளாக் ஒலி ‘கீ’ என்று உள்ளே வரும், டிஸ்டார்ஷன் அதைப் பெரிதாக்கும். அந்தக் ‘கீ’யே பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். பிடிக்காவிட்டால் டிலேக்குத் தனி அடாப்டர் கொடுங்கள். அமெரிக்க விழாவுக்குப் போகிறவர்களுக்கு: அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அடாப்டரின் மேல் 100–240 என்று அச்சிட்டிருந்தால் செருகும் பின்னை மட்டும் மாற்றினால் போதும். பழைய, கனமான 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் அங்கே பாதி வோல்டேஜ்தான் தரும். பெடல் பசியோடு முனகும்.

அவுட்டை டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (கருவியின் ஒலியை மேடையின் மைக் லைனுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாகக் கொடுங்கள். மைக் ஒயர் வழியே வரும் பாண்டம் பவரின் 48 வோல்ட் உங்கள் பஃபருக்குள் வராது, பெட்டியின் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் கிரவுண்டு லூப் ஹம்மும் (இரு பாதையில் எர்த் இணைவதால் வரும் ‘ம்ம்’ ஒலி) அறும். சவுண்டுக்காரர் லிமிட்டர் (ஒலி எல்லை தாண்டாமல் அடக்கும் கருவி) போட்டால் கோபிக்க வேண்டாம். வழக்கமான பாடலில் உச்சம் எப்போதாவதுதான் வரும். டிஸ்டார்ஷனில் தலை வெட்டப்பட்ட உங்கள் சதுர அலை முழு நேரமும் உச்சத்திலேயே நிற்கும். அதே உச்சமுள்ள சைன் அலையைப்போல் இரண்டு மடங்கு பவர் ஸ்பீக்கருக்குள் போகும். முதலில் கருகுவது ட்வீட்டர், அதாவது கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்.

காது விஷயம்: அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷின் கணக்கில் 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான், அதாவது உங்கள் ஒரு நிகழ்ச்சி. வரிசையில் மற்றவர்களும் இருக்கிறார்களே! ஃபோம் பிளக்கை உருட்டி, காதை மேல்நோக்கி இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பிளக்கில் பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை.

பையில் கூடுதலாக இரண்டு வில்லை, ஒரு ஜாக் ஒயர், ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கட்டும். மைக் ஆர்டர் செய்யும்போது ஒயர் நீளத்தையும் எழுதுங்கள். குறிப்பிடாவிட்டால் மூன்று மீட்டர் வைத்து அனுப்புவோம்.

இப்படிக்கு,
பட்டறையினர்