போய்ச் சேருங்கள், அதுதான் முதல் வேலை

கடலூர், புதுச்சேரி எல்லையோர ஊர்களில் தீ என்றாலும் வெள்ளம் என்றாலும் முதல் ஆளாக ஓடுகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் வேலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து சாலையை மறித்துக் கிடந்தபோது, அரிவாளும் ரம்பமும் எடுத்து வந்து வழி உண்டாக்கியது ஊர்ப் பிள்ளைகள்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரையைக் கடந்து, அடுத்த சில நாளில் தென்பெண்ணை கரை புரண்டபோதும், இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு பிடித்து நின்றது உங்களைப் போன்றவர்கள்தான். உங்களில் சிலர், பேரிடரில் உதவத் தன்னார்வலர்களைப் பழக்குகிற ஆப்த மித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சி முடித்தவர்கள். பலருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. மனசு பொறுக்காமல் ஓடி வருகிறவர்கள். இந்த மடல் இரண்டு பேருக்கும்தான்.

நீங்கள் சம்பவ இடத்துக்கு வண்டி ஓட்டிப் போகிற விதம் எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் "குடிசை பத்திக்கிச்சு, உடனே வாங்க" என்று ஒரு வாய்ஸ் வருகிறது. அடுத்த நிமிடம் தெருவில் பைக் உறுமுகிறது. சைடு ஸ்டாண்டு முழுக்க மடங்கியிருக்காது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் ஆடிக்கொண்டிருக்கும். பின்னால் இரண்டு பேர். நடுவில் இருப்பவன் தோளில் கயிற்றுச் சுருள், கடைசி ஆள் கையில் கூரை இழுக்கிற இரும்புக் கொக்கி. ஓட்டுகிறவன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு "எங்கடா, எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டே போவான். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டால் அந்தக் கொக்கி யார் முதுகில் இறங்கும் என்று யாராவது யோசித்ததுண்டா? நீங்கள் வழியில் விழுந்தால் 108 உங்களுக்காக வர வேண்டும். தீக்குப் போகிற ஆட்களில் நாலு பேர் உங்களைத் தூக்க நின்றுவிடுவார்கள். எரிகிற வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய கை அத்தனையும் ரோட்டில் நிற்கும்.

"அண்ணே, நாங்க அவசரத்துக்குத்தானே போறோம், போலீஸ் கேட்டா சொல்லிக்கலாம்" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். சட்டம் அப்படி இல்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் சிவப்பு சிக்னலைத் தாண்டவும் வேக வரம்பை மீறவும் இடம் தருகின்றன. அதுவும் உயிரைக் காக்கிற அளவுக்கு அவசரமான வேலையில், சைரனும் சுழல் விளக்கும் இயங்கும்போது, உரிய கவனத்தோடும் பொறுப்போடும் என்று நிபந்தனை போட்டுத்தான். அந்த வண்டிக்கு வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் இரண்டும் சேர்த்து. உங்கள் பல்சருக்கும் ஸ்பிளெண்டருக்கும் இதில் எதுவும் கிடையாது. சைரன் மாதிரி ஒலிக்கிற ஹார்னை பைக்கில் மாட்டுவதே விதிமீறல். 2019 திருத்தத்தில் வந்த 134ஏ, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காப்பாற்றும். உதவப் போகிற வழியில் ஒரு பாட்டியை இடித்துவிட்டால் அந்தப் பிரிவு உங்களுக்காக வந்து நிற்காது. பதினெட்டு வயது ஆகாத பையனிடம் சாவியைக் கொடுத்து அனுப்பினால் தண்டனை வண்டிக்காரருக்கும் பெற்றோருக்கும்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. தீ என்றதும் பத்தாம் வகுப்புப் பையன்கள்தான் முதலில் வண்டியை எடுக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நேரத்துக்கு வருகிறேன். குடிசைத் தீயில் ஒவ்வொரு நிமிடமும் பொன் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். காற்றுக் காலத்தில் ஒரு கூரை இறங்குவதற்குள் பக்கத்துக் கூரை பிடித்துக்கொள்ளும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊருக்குள் 3 கிலோமீட்டர் போக 40 வேகத்தில் நாலரை நிமிடம் ஆகும். 60இல் போனால் 3 நிமிடம். மிச்சம் ஒன்றரை நிமிடம். அதுவும் வேகத்தடை, மாடு, திருப்பம் எதுவும் இல்லாத சாலையில்தான். நம்மூர்ச் சாலையில் பாதி கூட மிஞ்சாது. வேகம் 60இலிருந்து 80 ஆனால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். நீங்கள் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்குக்குப் போகிற ஒரு விநாடியிலேயே 80இல் போகிற வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும்.

அந்த ஒன்றரை நிமிடத்தை விடப் பெரிய நேரம் வேறு இடங்களில் போகிறது. வண்டி ஓட்டியவன் என்பதால் எங்கே போகிறது என்று தெரியும். தீயைப் பார்த்த பத்துப் பேரும் ஆளாளுக்கு வீடியோ எடுத்துக் குழுவில் போடுவார்கள். 101ஐ அடிக்க ஒருவருக்கும் தோன்றாது. அடித்தவரும் "புதுக்குப்பத்துல தீ" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார். எந்தப் புதுக்குப்பம்? இந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது, பாகூர்ப் பக்கமும் ஒன்று இருக்கிறது. முள்ளோடை, கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி வட்டாரத்தில் நின்று போன் செய்தால் டவரைப் பொறுத்து அழைப்பு அடுத்த மாநிலத்து நிலையத்தில் போய் விழுவதும் உண்டு. அதனால் முதல் வார்த்தையாகத் தமிழ்நாடா புதுச்சேரியா என்று சொல்லுங்கள். அப்புறம் ஊர், தெரு, பக்கத்தில் இருக்கிற கோயிலோ பள்ளிக்கூடமோ. எரிவது என்ன, உள்ளே ஆள் இருக்கிறார்களா, வண்டி நுழைகிற அகலம் தெருவுக்கு உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 101 கிடைக்கவில்லை என்றால் 112.

பிரதான சாலையிலிருந்து ஊருக்குள் திரும்புகிற முனையில் டார்ச்சோடு ஓர் ஆள் நின்றால், அது எங்களுக்கு ரொம்பப் பெரிய உதவி. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு மாதிரி நெருக்கமான மீனவர் தெருக்களில் வண்டி தப்பான சந்தில் ஏறிவிட்டால் ரிவர்ஸ் எடுக்கிற நேரத்தில் இரண்டு வீடு போய்விடும். எந்தச் சந்தில் வண்டி திரும்பும், எங்கே மின்கம்பி தாழத் தொங்குகிறது, எந்தக் கிணற்றில் சித்திரை மாதத்தில் தண்ணீர் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது. தெருவில் மின்சாரத்தை நிறுத்த இந்தப் பக்கம் மின்வாரியத்துக்கும் அந்தப் பக்கம் மின்துறைக்கும் பேச வேண்டும். அந்த எண்களை இன்றைக்கே போனில் ஏற்றி வையுங்கள். இதில் எதற்குமே ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டியதில்லை.

நம்மூர் ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலை ஓடுகிற மாதங்களில் நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு டிராக்டர்கள் பின்னால் விளக்கே இல்லாமல் நிற்கும். ராத்திரி 70இல் வருகிறவனுக்கு அது கருப்பாகக்கூடத் தெரியாது. அறுவடைக் காலத்தில் உளுந்தும் எள்ளும் கம்பும் தார்ச்சாலையில்தான் காய்கின்றன. அந்தக் காய்ந்த செடி மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் பைக் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். மின்கம்பி உரசி வைக்கோல் வண்டி தீப்பிடித்தது என்று அழைப்பு வரும் காலமும் இதே அறுவடைக் காலம்தான். கடலூர், புதுச்சேரி தனியார் பஸ்களின் டைமிங் ஓட்டம் வேறு இருக்கிறது. அதற்கும் உங்கள் அவசரத்துக்கும் நடுவில் சைக்கிளில் போகிற வாத்தியாரும், கூடையோடு மீன் விற்கப் போகிற அம்மாவும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது டிராக்டர் டேங்கர். ஊரில் தண்ணீர் விநியோகிக்கிற 5,000 லிட்டர் டேங்கரை மாட்டிக்கொண்டு தீக்கு ஓடி வருகிறீர்கள். நல்ல காரியம், தீயணைப்பு வண்டியே பெரும்பாலும் 4,500 லிட்டர்தான் கொண்டு வரும், உங்கள் தண்ணீர் வந்தால் எங்களுக்குத் தெம்பு. ஆனால் 5,000 லிட்டர் என்றால் 5 டன். முழு டேங்க் கூடப் பரவாயில்லை. பாதி டேங்க்தான் ஆபத்து. பாதிக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து வேகமாக நடந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். திருப்பத்தில் தண்ணீர் முழுக்க ஒரு பக்கம் போய் மோதும், டிரெய்லர் சாயும், டிராக்டரின் முன் சக்கரம் தூக்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்காது. நிரப்பினால் வாய்வரை நிரப்புங்கள், இல்லாவிட்டால் காலியாகக் கொண்டு வந்து பக்கத்து மோட்டாரில் நிரப்புங்கள். மட்கார்டில் ஒருத்தரும் உட்காரக் கூடாது. டிராக்டர் ஓட்டுகிறவர் தினமும் அதை ஓட்டுகிறவராக இருக்கட்டும். தீ என்றதும் சாவி யார் கையில் கிடைக்கிறதோ அவர் ஏறுவது வேண்டவே வேண்டாம்.

இது நம்மூரில் மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள்தான். அழைப்பு வந்ததும் வீட்டிலிருந்து சொந்தக் காரில் கிளம்புகிறவர்கள். பணியில் அவர்கள் இறப்பதற்குக் காரணம் என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் சொல்லி வருவதில் முதலிடம் மாரடைப்புக்கு. அடுத்த இடம் சாலை விபத்துக்கு, தீக்கு அல்ல. சீட் பெல்ட் போடாமல் வெளியே தூக்கி எறியப்பட்டவர்கள், தண்ணீர் டேங்கர் கவிழ்ந்து போனவர்கள் அதில் நிறைய. நியூயார்க் மாநிலத்தில் தன்னார்வலர் தன் காரில் நீல விளக்கு போட்டுக்கொள்ளலாம். அந்த விளக்கு மற்றவர்களிடம் தயவாக வழி கேட்பதோடு சரி. சிக்னலைத் தாண்டவோ வேக வரம்பை மீறவோ அது உரிமை தராது. இத்தனை காலம் தன்னார்வலர்களை நம்பியே தீயணைத்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற கட்டுப்பாடு இது.

சைரன் உள்ள வண்டியில் எங்களோடு ஏறி வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிரைவரைப் பார்த்து "அண்ணே இன்னும் வேகமா" என்று கத்தாதீர்கள். சைரன் போட்டால் வழி தானாகத் திறக்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் நம்பிக்கை. கண்ணாடி ஏற்றிப் பாட்டுப் போட்டிருக்கிற காருக்குள் சைரன் கேட்கும்போது வண்டி அதன் வாலில் நிற்கும். செம்மண்டலம் சந்திப்பில் ஒரு பக்கம் தீயணைப்பு வண்டியும் இன்னொரு பக்கம் 108உம் வந்தால், இருவருக்கும் தங்கள் சைரன்தான் காதில் விழும், எதிராளியுடையது விழாது. பச்சை இருந்தாலும் சிவப்பு இருந்தாலும் சந்திப்பில் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகிற டிரைவர்தான் நல்ல டிரைவர். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வெள்ளக் காலத்துக்குச் சுருக்கமாக: தரை தெரியாத தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் காரையே இழுத்துவிடும். கெடிலம், பரவனாறு ஓரத்துத் தரைப்பாலங்களில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பதே மேலிருந்து தெரியாது. வேலை முடிந்து திரும்பும்போதும் கவனம் வேண்டும். புகை குடித்து, தூக்கம் கெட்டு, கை நடுங்கிக்கொண்டிருக்கிற நேரம் அது. ஒரு டீ குடித்து, அரை மணி உட்கார்ந்துவிட்டு, வரும்போது வண்டி ஓட்டாத, லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் சாவியைக் கொடுத்துக் கிளம்புங்கள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கோயில் திடலிலோ எல்லோரும் கூடுங்கள். யார் யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது, யார் ஓட்டுவது, யார் 101க்குப் பேசுவது, யார் முனையில் டார்ச்சோடு நிற்பது என்று பெயரை எழுதிக் குழுவில் போடுங்கள். ஒரு பைக்கில் இரண்டு பேர், இரண்டு தலைக்கும் ஹெல்மெட், கொக்கியும் கடப்பாரையும் டிராக்டரில் என்று முடிவு செய்யுங்கள். ஓட்டுகிறவர் போனைத் தொடக் கூடாது. பின்னால் இருப்பவர் பேசட்டும். பயிற்சி தர வருகிற அதிகாரிகளிடம், கயிறு கட்டவும் முதலுதவி செய்யவும் சொல்லித் தருவதோடு சம்பவ இடத்துக்கு எப்படி வண்டி ஓட்டி வருவது என்பதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். கடலூர்ப் பக்கத்து நிலையத்தையும் பாகூர்ப் பக்கத்து நிலையத்தையும் ஒரே நாளில் அழையுங்கள். எல்லையில் யாரிடம் முதலில் சொல்வது என்ற குழப்பமும் அன்றைக்கே தீரட்டும். என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன். பாதி டேங்க் டிரெய்லரைத் திருப்பத்தில் எப்படி எடுப்பது என்று மைதானத்தில் ஓட்டியே காட்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தீயணைப்பு ஊர்தி ஓட்டுநர் ஒருவர்,
கடலூர்